அறிபுனை நாவல்: ஒரே ஒரு விதியை மாற்றிப் பாருங்கள்

அறிபுனையோ (அறிவியல் புனைகதை) மிகுபுனைவோ (மாயக் கற்பனைக் கதை), எழுத நினைப்பவர் ஒரு நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு, முதல் முப்பது பக்கம் மட்டும்: அந்த உலகம் இயங்கும் விதி எந்த வரியில் தெரியவருகிறது, யார் வாயால், என்ன வேலைக்கு நடுவே? ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். நல்ல நாவலில் நேரடி விளக்கம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

எழுதும்போது ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். பொழுது சாய்ந்தால் ஒலி பரவாது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது பத்து விளைவுகள் எழுதுங்கள். முதல் மூன்று எல்லோருக்கும் தோன்றுபவை, அடித்துவிடலாம். திருடனுக்கு வசதி, சரி, குழந்தை அழுதால்? "இங்கே இரவில் எதுவும் கேட்காது" என்று விளக்க வேண்டாம். "விளக்கை அணைக்குமுன், குழந்தையின் மணிக்கட்டில் கட்டிய நூலின் மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்." போதும், வாசகர் பிடித்துக்கொள்வார்.

வரைபடம், வம்சாவளி, கற்பனை மொழிக்கு இலக்கணம் என்று இறங்கினால் ஆறு மாதம் ஓடிவிடும். அத்தியாயம் ஒன்றுகூட இருக்காது. அதைவிட மோசம், முடிச்சை அவிழ்க்கக் கடைசியில் புது விதி முளைப்பது. நாயகியைக் காப்பாற்றப்போகும் விதி, முன்பே ஒருமுறை அவளைச் சிக்கவைத்திருக்க வேண்டும்.

நீளமா? அறிபுனை, மிகுபுனைவுக்கான ஹ்யூகோ, நெபுலா விருதுகளில் 40,000 சொற்களிலிருந்துதான் நாவல்; 7,500க்குள் சிறுகதை. (தமிழில் உருபுகள் ஒட்டியே வருவதால் எண்ணிக்கை குறைத்தே காட்டும்.) முதலில் அதே விதியை வைத்து ஒரு சிறுகதை எழுதுங்கள், ஓட்டை அதிலேயே தெரிந்துவிடும்.