மாணவர் கலந்துரையாடலை நடத்தப் போகிறவர்களைத் தயார் செய்வது எப்படி?

பன்முகத்தன்மை, எல்லோரையும் உள்ளடக்குதல் என்ற தலைப்பில் மாணவர்களைப் பேச வைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அறை கிடைத்துவிட்டது, கூட்டத்தை வழிநடத்த ஏழெட்டுப் பேர் முன்வந்தும் விட்டார்கள். இனி அவர்களைத் தயார் செய்ய வேண்டும். வழக்கமாக என்ன செய்கிறோம்? அரை நாள் ஸ்லைடு போட்டு, புதிய சொற்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி, ஒரு கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரைச் சுருக்கென்று தைக்கும்படி ஏதாவது சொல்லிவிட்டால் அந்த ஸ்லைடுகளில் ஒன்றுகூடக் கைகொடுக்காது. வழிநடத்துபவர் திணறுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். ஆகவே பயிற்சியும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் கீழே உள்ளவற்றில் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், ஐந்தாவது படியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 1: எதற்காகக் கூடுகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

“விழிப்புணர்வு ஏற்படுத்துதல்” என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒரு கேள்விகூடத் தயாரிக்க முடியாது. “குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை யார் தனியாக நிற்கிறார்கள், ஏன் என்று மாணவர்கள் பேச வேண்டும்” என்று எழுதிப் பாருங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. கூடவே, இது பட்டிமன்றம் இல்லை என்பதையும் வழிநடத்துபவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இங்கே கடைசியில் தீர்ப்பு கிடையாது.

படி 2: இருவர் இருவராகப் பிரியுங்கள்

ஒரு குழுவுக்கு இரண்டு பேர், முடிந்தவரை வெவ்வேறு பின்னணியில் இருந்து வந்தவர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் வெவ்வேறு சமூகக் குழுக்களிடையே உரையாடல் நடத்தும் ஒரு திட்டம் இருக்கிறது. பயிற்சி பெற்ற மாணவர்களே இருவராகச் சேர்ந்து சக மாணவர்களின் உரையாடலை நடத்தும் வழக்கம் அங்கே உண்டு. இதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் முகங்களைப் பார்க்கலாம். யார் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார், யார் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார் என்பதெல்லாம் பேசுகிறவர் கண்ணில் படாது.

குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் நாலைந்து பேர் பேசுவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். குழுக்களைச் சின்னதாகவே வையுங்கள்.

படி 3: முதலில் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுங்கள். பாலினம், மதம், சாதி, தோல் நிறம், தாய்மொழி, குடும்ப வருமானம், உடல்நிலை என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “தினமும் நினைவுக்கு வருகிறது”, “எப்போதாவது”, “நினைத்ததே இல்லை” என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும். “நினைத்ததே இல்லை” என்று விழுகிற இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவை அவர்கள் பெரும்பான்மையாக இருக்கிற இடங்கள். கூட்டத்தில் அந்த விஷயத்தில் ஒருவருக்கு வலித்தால் இவர் கண்ணில் படாமலே போகலாம். இந்தத் தாளை யாரிடமும் காட்டச் சொல்லாதீர்கள், வாசிக்கவும் சொல்லாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று: எந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சட்டென்று கோபம் ஏறும்? இதை மட்டும் தன் ஜோடியிடம் சொல்லிவைக்கட்டும். அந்தப் பேச்சு வரும்போது ஜோடி குறுக்கே வந்து கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

கோட்பாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் கொஞ்சம் போதும். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வெவ்வேறு குழுக்களைச் சும்மா ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் முன்முடிவுகள் கரைந்துவிடாது. இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொதுவான ஓர் இலக்கு, சேர்ந்து செய்கிற வேலை, மேலிடத்தின் ஆதரவு இந்த நான்கும் இருந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கூட்டத்தில் இவற்றில் எது இல்லை என்று வழிநடத்துபவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் எழுதியது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் சிலர் வேலையில் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். இனத்தைத் தனியாகவும் பாலினத்தைத் தனியாகவும் பார்த்த நீதிமன்றத்துக்கு இரண்டும் சேருமிடத்தில் நின்றவர்களின் பிரச்சினை தெரியவே இல்லை. மாணவர்களுக்கு இந்த ஒரு கதை சட்டென்று பிடிபடும்.

படி 4: கேள்விகளை எழுதி, பாதியை அடித்துவிடுங்கள்

“நம் வளாகத்தில் பாகுபாடு இருக்கிறதா?” இதற்கு இருக்கிறது, இல்லை என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. “இந்த வளாகத்தில் எந்த இடத்துக்குப் போகும்முன் ஒரு நொடி யோசிப்பீர்கள்?” என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அறையில் ஒரே ஒருவரால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்வியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிற ஒரே ஒரு மாணவி உட்கார்ந்திருக்கும் இடத்தில் “சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இங்கே என்ன சிரமம்?” என்று கேட்டால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதையே “இந்த அறைக்கு வந்த வழியில் எத்தனை இடத்தில் படி ஏறினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிச் சொல்ல முடியாமல் விழிப்பவர்கள் மற்றவர்கள்தான். அவருக்கு விருப்பமிருந்தால் பேசட்டும்.

கேள்வி கேட்டதும் காத்திருக்கவும் பழக வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் எழுதினார். இந்த மாதிரித் தலைப்புக்கு மூன்று நொடியும் போதாது. மனதுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லுங்கள்.

படி 5: கடினமான நிமிடத்தை வாய்விட்டு ஒத்திகை பாருங்கள்

பயிற்சி நேரத்தில் பாதி இதற்கே போகட்டும். ஆறேழு பேர் வட்டமாக உட்காருங்கள். இருவர் வழிநடத்துபவர்கள், மற்றவர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். நடிப்பவர்களில் ஒருவரிடம் ஒரு சீட்டு. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் இருப்பதை அவர் சொல்ல வேண்டும். சீட்டில் எழுத இப்படிச் சில:

“அவனைச் சேர்த்தா வேலை முடியாது, அவன் பேசுறதே புரியாது.”

“நீயே சொல்லேன், உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?”

“இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கிறாங்க?”

நான்காவது சீட்டில் பேச்சே வேண்டாம்: “எழுந்து வெளியே போய்விடுங்கள்.” (இந்தச் சீட்டுதான் எல்லோரையும் உறைய வைக்கும்.) இழிசொற்களை அப்படியே எழுத வேண்டியதில்லை, அவை இல்லாமலே சீட்டுகள் வேலை செய்யும். யாருக்கும் அவரவர் சொந்தக் காயத்துக்கு நெருக்கமான சீட்டு போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சீட்டையே எடுத்துக்கொள்வோம். புதியவர்கள் மூன்று விதமாகச் சறுக்குவார்கள். சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். இல்லையென்றால் சொன்னவருக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுப்பார்கள். மூன்றாவதுதான் மோசம்: அந்த மாதிரிப் பேச்சு வழக்கு உள்ள மாணவரைப் பார்த்து “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் அடிபட்டவர் மேலேயே விளக்கம் சொல்லும் சுமையும் ஏறிவிடுகிறது.

வேறு எப்படிச் செய்யலாம்? “ஒரு நிமிடம், இங்கே கொஞ்சம் நிற்போம்” என்று சொல்லிப் பேச்சை நிறுத்துங்கள். சொன்னவரிடம், “புரியாமல் போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஆளைப் பற்றிய தீர்ப்பு ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கும். அடுத்து, நடந்ததற்குப் பெயர் சொல்லுங்கள்: “ஒருவரின் பேச்சு வழக்கை வைத்து அவர் வேலையை எடைபோடுகிறோம். இது இந்த அறையில் இருக்கிற சிலரைத் தொடும்.” யாரையும் பார்க்காமல் சொல்ல வேண்டும், இது முக்கியம். பிறகு எல்லோரிடமும்: “புரியாதபோது திருப்பிக் கேட்பதற்கு நம்மை எது தடுக்கிறது?” அடிபட்டிருக்கக்கூடியவரிடம் ஜோடியில் ஒருவர் இடைவேளையில் தனியாகப் பேசுவார்.

ஒவ்வொரு ஒத்திகையையும் மூன்று நிமிடத்தில் நிறுத்துங்கள். “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று மாணவராக நடித்தவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். வழிநடத்தியவரின் சுயவிமர்சனம் அப்புறம் வரட்டும். பிறகு அதே சீட்டு, வேறு ஜோடி. வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், “ஒரு நிமிடம், இங்கே நிற்போம்” என்பது மட்டும் நாக்கில் பழகிவிட்டால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

படி 6: விதிமுறைகளில் பொய் சொல்லாதீர்கள்

“இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது” என்று வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது. அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். “கற்றுக்கொண்டதை வெளியே சொல்லலாம், யார் சொன்னது என்பதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்” என்பது நேர்மையானது. யாராவது தனக்குத் தீங்கு நடந்ததாகச் சொன்னால் அதை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று வழிநடத்துபவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதை ரகசியமாக வைத்திருப்பதாக அவர்கள் சொல்லவும் கூடாது.

“கருத்து வேறுபாட்டோடு பிரிந்துவிடுவோம்” என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பேச்சு சூடாகும்போது நழுவ அதுவே கதவாகிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நலப் பணியில் இருந்த பிரையன் அராவோ, கிறிஸ்டி கிளெமென்ஸ் இருவரும் 2013இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பாதுகாப்பான இடம் என்று உறுதி சொல்வதைவிடத் துணிவோடு பேசும் இடம் என்று சொல்வதே சரி என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சலுகை உள்ளவர்கள் ஓர் அடி முன்னால், இல்லாதவர்கள் ஓர் அடி பின்னால் என்று மாணவர்களை வரிசையில் நடக்க வைக்கும் பயிற்சியை எங்காவது பார்த்திருப்பீர்கள். முதல் கூட்டத்தில் அது வேண்டாம். பின்னால் நிற்பவர்களைக் காட்சிப்பொருளாக்கித்தான் முன்னால் நிற்பவர்கள் பாடம் படிக்கிறார்கள்.

படி 7: கூட்ட நாள்

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், கதவுக்குப் போக வழி விடுங்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம், பிறகு எல்லோரோடும். கடைசிப் பத்து நிமிடம் புதுக் கேள்வி எதையும் எடுக்காதீர்கள்.

முடிந்ததும் வழிநடத்துபவர்கள் உடனே கலைந்துவிட வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளட்டும்: எங்கே பேச்சு நின்றுபோனது, யார் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நாளை யாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மூன்றாவதற்கு நேராக ஒரு பெயரும், யார் போய்க் கேட்பது என்பதும் இருக்கட்டும். ஒத்திகையில் வராத ஏதாவது வந்திருந்தால் அது அடுத்த பயிற்சிக்கு ஒரு புதுச் சீட்டு.