புதன்கிழமை வாங்கிய ரோஜா ஞாயிற்றுக்கிழமை மலர: கொய்மலர் மொட்டுகளைச் சேமித்து வைக்கும் முறை

முகூர்த்த நாளை ஒட்டிப் பூ விலை ஏறிவிடும் என்பதால், விசேஷத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே ஓசூர் ரோஜாக் கொத்துகளை வாங்கி வைத்துக்கொள்ளப் பலரும் விரும்புகிறார்கள். வாங்குவதில் சிரமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மொட்டுகள் பாதி விரிந்த நிலையில் மேடையில் நிற்க வேண்டும் என்பதில்தான் சிரமம் இருக்கிறது. சில காம்புகள் வெள்ளிக்கிழமையே முழுக்க விரிந்து இதழைக் கொட்டத் தொடங்கும். சில காம்புகள் கடைசிவரை இறுகிய மொட்டாகவே இருந்து கழுத்து வளைந்து தொங்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் வெட்டிய பூக்கள் இப்படி வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இடைப்பட்ட நாள்களில் அவற்றை வைத்திருந்த விதமே காரணம். முதன்முறை முயல்கிறவர்களுக்கான வழிமுறை இது.

மொட்டு எப்படி விரிகிறது

செய்முறைக்குள் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியின் காரணமும் தானாக விளங்கும். ரோஜா மொட்டு விரியும்போது புதிதாக இதழ் எதுவும் உண்டாவதில்லை. ஏற்கெனவே உள்ள இதழ்களின் செல்கள் நீரை உள்ளே இழுத்துப் பெருக்கின்றன. செல்லுக்குள் சர்க்கரையின் செறிவு கூடினால்தான் நீர் உள்ளே வரும். செடியில் இருக்கும்வரை அந்தச் சர்க்கரையை இலைகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். காம்பை வெட்டிய பிறகு, இதழ்களில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துத்தான் மொட்டு பெரும்பாலும் மலர வேண்டியிருக்கிறது. ஆனால் பூ சுவாசிப்பதற்கும் அதே இருப்பிலிருந்துதான் செலவாகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் சுவாசம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்பதால், 30 பாகை உள்ள அறையில் ஒரு நாள் கிடந்த மொட்டு, குளிரில் பல நாள் இருந்த மொட்டைவிட அதிகமாக இழந்திருக்கும். அப்படிக் கையிருப்பு தீர்ந்த மொட்டு பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

குளிர் இந்தச் செலவைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. முறையான குளிர்பதனக் கிடங்கில் 0.5 முதல் 2 பாகை வெப்பநிலையிலும் 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் ரோஜாவை ஏறத்தாழ இரண்டு வாரம் வைக்கலாம். ஆனாலும் வெளியே எடுத்த பின் அது ஜாடியில் நிற்கும் நாள்கள் குறைந்துவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் 4 பாகையை ஒட்டியே இருக்கும் என்பதால், மூன்று நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

படி 1: மொட்டைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் ரோஜா பொதுவாக 20 காம்புகள் கொண்ட கொத்தாக, நெளி அட்டையில் சுற்றி வரும். மொட்டின் மேல் வலைத்தொப்பி இருந்தால் அதைச் சற்று மேலே தள்ளிவிட்டுப் பார்க்கவும். மொட்டின் அடியிலுள்ள பச்சைப் புல்லி இதழ்கள் கிடைமட்டத்துக்குக் கீழே மடங்கியிருக்க வேண்டும். வெளியிதழ்கள் ஒன்றிரண்டு மட்டும் மொட்டை விட்டு லேசாகப் பிரிந்திருக்க வேண்டும். சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளுக்கு இதுவே சரியான பதம். மஞ்சள் ரோஜாவை இதைவிடச் சற்று இறுக்கமாகவும், வெள்ளையைச் சற்று விரிந்ததாகவும் எடுக்கலாம். புல்லி இதழ்கள் இன்னும் மொட்டோடு ஒட்டி நிமிர்ந்திருந்தால், அது இருப்புச் சேரும் முன்பே வெட்டப்பட்ட பூ. அதிக நாள் வைக்கலாம் என்று நினைத்து இறுகிய மொட்டையே தேடி வாங்குகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

படி 2: வந்தவுடன் நீர் கொடுத்தல்

கீழ்ப்பகுதி இலைகளை நீக்கிவிட்டு, காம்பின் அடியில் 2 முதல் 3 செ.மீ. நீளத்தைக் கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டவும். வெட்டும்போது காம்பின் நுனி வாளி நீருக்குள் அமிழ்ந்திருப்பது நல்லது. வெளியில் வெட்டினால் காற்றுக்குமிழி உள்ளே புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். மழுங்கிய கத்திரிக்கோல் காம்பை நசுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும். பிறகு கழுவிய வாளியில் சுத்தமான நீரை நிரப்பி, லிட்டருக்கு 1 மி.லி. வீதம் கடையில் கிடைக்கும் 5 விழுக்காடு ப்ளீச்சிங் திரவத்தைச் சேர்த்து, காம்புகளை நிழலான இடத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தவும். காம்பை அடைக்கும் பாக்டீரியாவை இது கட்டுப்படுத்தும். இந்த நீரில் சர்க்கரை சேர்க்கக் கூடாது. சர்க்கரை மொட்டை விரியத் தூண்டும், நாம் இப்போது அதைத் தள்ளிப்போடத்தான் பார்க்கிறோம்.

படி 3: குளிர்சாதனப் பெட்டியைத் தயார் செய்தல்

முதல் வேலை, பழங்களை வெளியேற்றுவது. ஆப்பிள், வாழை, மாம்பழம் ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் வாயுவை வெளியிடும். மிகச் சிறிய அளவிலேயே அது பூவை முதிரச் செய்துவிடும், சில ரோஜா வகைகளில் மொட்டைக் கோணலாக விரியவும் வைக்கும். கார்னேஷனில் இதன் விளைவு இன்னும் வெளிப்படையானது: விரிந்த இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு பூ தூங்குவதுபோல் ஆகிவிடும், பிறகு திரும்ப விரியாது. அழுகிய காய்கறி, வாடிய இலை ஆகியவற்றையும் கூடவே அகற்றவும்.

அடுத்து ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, 2 முதல் 4 பாகைக்குள் நிற்கும்படி திருகைச் சரிசெய்யவும். பின்சுவரில் பூ ஒட்டியிருக்கக் கூடாது. அங்கே உறைந்துபோகும் இதழ், வெளியே எடுத்ததும் கண்ணாடிபோல் ஈரமாகிப் பழுப்பாகும்.

படி 4: உள்ளே வைத்தல்

இப்போதுள்ள பெட்டிகள் உள்காற்றை உலர்த்திவிடுவதால் ஈரப்பதத்தை நாமே காக்க வேண்டும். கொத்தைச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையைப் போர்த்தி, காம்புகள் ப்ளீச்சிங் கலந்த நீரில் நிற்கும்படி குட்டையான பாத்திரத்தில் வைக்கவும். தாள் இடையில் இருப்பது முக்கியம். பையின் உட்புறம் சேரும் நீர்த்துளி நேரே இதழில் பட்டால், ஓரிரு நாளில் அங்கே சாம்பல் பூஞ்சையின் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்.

ஒவ்வொரு கொத்திலிருந்தும் இரண்டு காம்புகளை மட்டும் எடுத்து அறையிலேயே ஒரு குவளையில் வைத்துவிடவும். அவை விரியும் வேகமும் அளவும், மற்றவற்றை எப்போது வெளியே எடுப்பது என்று கணிக்க உதவும். அவையே விரியாமல் கழுத்து வளைந்தால், சனிக்கிழமை வேறு பூ தேட உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

படி 5: வெளியே எடுத்து மலரவைத்தல்

ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலையில் எடுக்கவும். பாதி விரிய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். எடுத்தவுடன் சுற்றியதைப் பிரிக்க வேண்டாம். குளிர்ந்த இதழின் மேல் அறையின் ஈரக்காற்று வியர்த்துவிடும் என்பதால், அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு பிரிக்கவும். காம்பை மறுபடியும் நீருக்குள் 2 செ.மீ. வெட்டி, கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 பாகை அளவில் உள்ள கரைசலில் நிறுத்தவும். வெதுவெதுப்பான நீர் காம்பில் விரைவாக ஏறும்.

கரைசலுக்கு 1 லிட்டர் நீரில் 20 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டிய 5 தேக்கரண்டி கரைத்து, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி சேர்க்கவும். கடைசியாக 1 மி.லி. ப்ளீச்சிங் திரவத்தை விட்டுக் கலக்கவும். எலுமிச்சைச் சாற்றையும் ப்ளீச்சிங் திரவத்தையும் நீரில்லாமல் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். சர்க்கரை, மொட்டின் குறைந்த இருப்பை ஈடுசெய்கிறது. புளிப்பு, நீர் ஏறுவதை எளிதாக்குகிறது. சர்க்கரை இந்த அளவைத் தாண்டினால் ரோஜாவின் இலைகள் கருகும். 20 முதல் 25 பாகைக்குள், வெளிச்சம் உள்ள ஆனால் நேர் வெயிலும் மின்விசிறிக் காற்றும் படாத இடத்தில் வைக்கவும்.

கழுத்து தொய்ந்த காம்பு இருந்தால், அடியை வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி தாளில் இறுக்கிச் சுற்றி, ஆழமான வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். அடைப்பு மட்டுமே காரணமாக இருந்தால் நிமிர்ந்துவிடும். சிவப்பு இதழின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தால் பூ முதிர்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு மாற்று இல்லை.

மற்றப் பூக்களுக்கு

கிளாடியோலஸைப் படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும் என்பதால் எப்போதும் செங்குத்தாகவே வைக்க வேண்டும். காம்போடு விற்கும் இரட்டை அடுக்குச் சம்பங்கியில், குளிரில் வைத்த பிறகு கதிரின் மேல்மொட்டுகள் பல விரியாமலே போகும். வைக்கும் முன் ஓர் இரவு 20 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் நிறுத்துவது ஓரளவு உதவும். ஆந்தூரியம், ஆர்க்கிட் ஆகிய வெப்பமண்டலப் பூக்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. 10 பாகைக்குக் கீழே அவை நிறம் மாறிக் கெட்டுவிடும். உதிரி மல்லிகைக்கு இங்கே சொன்ன கரைசல் பயன்படாது: காம்பு வழியாக நீரோ சர்க்கரையோ கொடுக்க வழியில்லை, கையிலுள்ள இருப்பைக் கொண்டே அது மலர வேண்டும் என்பதால், விடியலில் பறித்த மொட்டை ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்து ஓரிரு நாள் தள்ளிப்போடலாமே தவிர அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.