சஸ்குவஹானாவில் இலையுதிர் காலம்: பாஸ் பிடிப்பதும் துப்புப் பரிமாறுவதும்

செப்டம்பர் முடிந்துவிட்டால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றங்கரை ஊரான ஹாரிஸ்பர்க் பக்கத்துப் படகுத் துறைகளில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எங்கே மாட்டுது?" நானும் முதல் மூன்று வருடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலும் கிடைத்தது. அந்த இடத்துக்குப் போய் நின்றால் மீன் இருக்காது. யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. போன வாரம் அங்கே இருந்த மீன் இந்த வாரம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "தண்ணீர் எத்தனை டிகிரி? எவ்வளவு ஆழத்தில் எடுத்தது?"

பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்து மெக்கானிக்ஸ்பர்க், கேம்ப் ஹில் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இந்த ஆற்றைப் பாலத்தின் மேலிருந்துதான் பார்க்கிறார்கள். அகலத்தைப் பார்த்தால் கடல் மாதிரி தெரியும். ஹாரிஸ்பர்க்கில் கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம். ஆனால் கோடையில் பாதி ஆறு முழங்கால் ஆழம்தான். ஊருக்கு வடக்கே பீட்டர்ஸ் மவுண்டன், செகண்ட் மவுண்டன், ப்ளூ மவுண்டன் என்று மலைத்தொடர்களை வரிசையாக அறுத்துக்கொண்டு ஆறு வருகிறது. அந்தப் பாறை அடுக்குகள் தண்ணீருக்கு அடியில் குறுக்கே வரப்பு போட்ட மாதிரி கிடக்கும். வரப்புக்கு மேலே ஓட்டம் வேகம். தாண்டியதும் ஒரு பள்ளம், அதில் தண்ணீர் மெதுவாகச் சுற்றும். ஸ்மால்மவுத் பாஸ் நிற்பது அங்கேதான். இது இந்த ஆற்றின் பூர்விக மீன் அல்ல. 1869-இல் ஹாரிஸ்பர்க் அருகே கொண்டுவந்து விட்டார்கள். இன்று இந்த ஆற்றுக்குப் பெயரே இந்த மீனால்தான்.

முதலில் சட்டம். 16 வயதும் அதற்கு மேலும் என்றால் லைசென்ஸ் வேண்டும். சன்பரியிலிருந்து ஹோல்ட்வுட் அணை வரையிலான நடு ஆற்றில் பாஸ் பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2005-இல் இங்கே குஞ்சு மீன்கள் நோய் கண்டு ஏராளமாகச் செத்தன. ஆறு மெல்ல மெல்லத் தேறி வந்ததில் இந்த விதிக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். குழம்பு வைக்கத்தான் மீன் வேண்டும் என்றால் கடைக்குப் போய்விடுங்கள். விதிகள் மாறக்கூடியவை, அதனால் வருடா வருடம் மாநில மீன்வளத் துறையின் விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாமான் அதிகம் தேவையில்லை. ஏழடி நீளத்தில் நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் ராடு, எட்டு அல்லது பத்து பவுண்டு நரம்பு. மூன்றரை அங்குல டியூப் (குழாய் வடிவில் மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் போலி இரை) ஒரு பை. பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் எடுங்கள், கல்லுக்கடியில் இருக்கும் கிரேஃபிஷ் (சிங்கி இறால் மாதிரி சின்ன உயிர்) அந்த நிறம்தான். அதற்கு எட்டில் ஒரு பங்கு அவுன்ஸும் கால் அவுன்ஸுமாக ஈயத்தலை முள். பிறகு தண்ணீரில் நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அப்படியே நிற்கும் ஜெர்க்பெய்ட் (சிறு மீன் வடிவப் போலி இரை) ஒன்று, இழுத்தால் தகடு சுழலும் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் ஒன்று. ஃப்ளை ராடு (முடியும் இறகும் கட்டிய எடை குறைந்த போலி இரையான ஃப்ளையை வீசும் தூண்டில்) வீசத் தெரிந்தவர்களுக்கு கிளவுசர் மின்னோ போதும். ஈயக் கண் வைத்துக் கட்டிய அந்த ஃப்ளை, ஹாரிஸ்பர்க்குக்குக் கொஞ்சம் தெற்கே மிடில்டவுனில் இருந்த பாப் கிளவுசர் 1980-களில் இதே ஆற்று பாஸுக்காக உருவாக்கியது. இன்று உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான சாமான் ஒரு தெர்மாமீட்டர். நூலில் கட்டித் தண்ணீருக்குள் விடும் சாதாரண வகை போதும்.

தண்ணீர் 65 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை (இங்கே எல்லாம் பாரன்ஹீட் கணக்கு) மீன் கோடைக்கால இடங்களிலேயே பரந்து கிடக்கும். வேகமான சரிவுகள், பாசிப் படுகையின் ஓரம், தீவுகளின் மேல் முனை. காலையிலும் மாலையிலும் ஸ்பின்னர்பெய்ட்டைச் சற்று வேகமாக இழுத்தால் துரத்தி வந்து அடிக்கும்.

60-க்குக் கீழே இறங்கினால் ஆட்டமே மாறும். இந்த ஆற்றுப் பக்கம் அது பெரும்பாலும் அக்டோபரில் நடக்கிறது. 60-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களுக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன். குளிர் வருகிறது என்று மீனுக்குத் தெரிந்துவிடுகிறது. பகல் நேரத்திலும் தின்கிறது, கூட்டமாக நிற்கிறது. ஒன்று மாட்டினால் அதே இடத்தில் இன்னும் நாலு இருக்கும், அவசரப்பட்டு நகராதீர்கள். தேட வேண்டியது பாறை வரப்புக்குக் கீழே நாலிலிருந்து ஆறடி ஆழம். டியூபை வரப்புக்கு மேல்பக்கம் வீசி, ஓட்டத்தோடு உருட்டிக்கொண்டு வந்து, விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழ விட வேண்டும். பத்தில் எட்டு முறை அந்த விழும் நொடியில்தான் எடுக்கும். வெடுக்கென்று இழுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நரம்பு சும்மா ஒரு பக்கமாக நகரும், அல்லது அடியைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். அப்போது சுண்ட வேண்டும்.

இந்த விழும் நொடி விஷயத்தை எனக்குச் சொன்னவர் ஃபோர்ட் ஹன்டர் படகுத் துறையில் பார்த்த ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறையிலிருந்து ஆற்றின் கீழ்ப்பக்கம் பார்த்தால் ராக்வில் பாலம் தெரியும், 1902-இல் கட்டி முடித்த 48 வளைவுள்ள கல் பாலம். அதைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் "எங்கே மாட்டுது?" என்று கேட்கவில்லை. "காலையில் தண்ணீர் 57 இருந்தது, ஐந்தடியில் இரண்டு மீன் எடுத்தேன், அப்புறம் நின்றுவிட்டது" என்றேன். உடனே அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நரம்பைத் தளர்த்து, ஆனால் தொங்க விடாதே. நீ இழுத்துப் பிடிப்பதால் அது விழுவதற்குப் பதிலாக ஊஞ்சல் மாதிரி உன் பக்கம் வருகிறது" என்றார். கையால் செய்தும் காட்டினார். அன்று சாயங்காலமே ஐந்து மீன் பிடித்தேன்.

பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். தாமிரபரணிக் கரையில் தூண்டில் போடும்போது அப்பா எனக்குக் காட்டியது: ஓட்டத்தின் மேல் நுரை எந்தக் கோட்டில் போகிறதோ, அந்தக் கோட்டில்தான் அடியில் இரையும் போகும். நுரை எங்கே தயங்கிச் சுற்றுகிறதோ அங்கே போடு. பெரியவருக்கு நுரைக் கோடு தெரிந்ததுதான். ஆனால் இலை விழும் சமயத்தில் நுரைக்குப் பதில் இலைகளையே பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே இருவருமாகக் கண்டுபிடித்தோம். இலைகள் வேகமாகப் போகும் கோட்டுக்கும் மெதுவாகச் சுற்றும் இடத்துக்கும் நடுவில் ஒரு மடிப்பு தெரியும். இன்றுவரை நான் முதல் வீச்சை அந்த மடிப்பில்தான் போடுகிறேன்.

இலையால் தொல்லையும் உண்டு. அக்டோபர் கடைசியில் காற்றடித்த மறுநாள் ஆறு முழுக்க இலை மிதக்கும். மூன்று கொக்கி முள் தொங்கும் ஜெர்க்பெய்ட்டை அன்று வெளியே எடுக்கவே வேண்டாம், ஒவ்வொரு வீச்சிலும் இலை அள்ளிக்கொண்டு வரும். டியூபுக்கு ஒற்றை முள்தான் என்பதால் ஓரளவு தப்பிக்கும்.

மழை பெய்து ஆறு ஏறிக் கலங்கினால் மீன் நடு ஆற்றை விட்டுக் கரையோரமும் தீவுகளின் பின்பக்கமும் ஒதுங்கும். ஆறு இறங்கி, செம்மண் நிறம் போய்ப் பச்சையாகும் நாள்தான் பொன்னான நாள். சிறு ஓடைகள் பெரிய ஆற்றுக்கு முன்பே தெளியும். அதனால் ஷெர்மன் கிரீக், கொனொடோக்வினெட் கிரீக் போன்றவை வந்து சேரும் வாயில் முதலில் பாருங்கள். நீர்மட்டத்துக்கு யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை) வைத்திருக்கும் ஹாரிஸ்பர்க் அளவி இருக்கிறது. அது நாலடிக்கு மேல் காட்டினால் நான் ஆற்றில் இறங்கி நடப்பதில்லை.

50-க்குக் கீழே போனதும் மீன் குளிர்காலக் கசங்களுக்கு, அதாவது ஆழமான மடுக்களுக்கு, கிளம்பும். சில மீன்கள் மைல் கணக்கில் பயணம் செய்து வந்து சேரும். இந்த ஆற்றில் எட்டு, பத்தடி இருந்தாலே கசம்தான். காலையில் சீக்கிரம் எழ வேண்டிய அவசியம் இனி இல்லை. பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை, வெயில் பட்டுத் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறும் நேரம்தான் நேரம். ஜெர்க்பெய்ட்டை இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். 45-க்குக் கீழே என்றால் இருபது எண்ணுங்கள். நிற்கும்போதுதான் எடுக்கும்.

இந்தக் கட்டத்தில் ஓர் இடத்தின் பெயரை வெளியே சொல்வது பெரிய தீங்கு. கோடையில் ஒரு பாறையைக் காட்டிக்கொடுத்தால் அந்தப் பாறையின் மீன் மட்டும் பாதிக்கப்படும். நவம்பரில் ஒரு கசத்தைக் காட்டிக்கொடுத்தால், பல மைல் ஆற்றின் மீன் முழுவதும் அங்கேதான் குவிந்திருக்கிறது. அதனால் படம் எடுத்தால் பின்னணியில் பாலமோ தீவோ தெரியாமல் எடுங்கள். யாராவது உங்களை நம்பி ஒரு கசத்துக்குக் கூட்டிப்போனால் அவரைக் கேட்காமல் இன்னொருவரை அங்கே அழைத்துப் போகாதீர்கள். டிகிரி, ஆழம், தண்ணீர் நிறம், இரை, இழுத்த வேகம், நேரம் இவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்பவருக்கு உண்மையில் பயன்படுவதும் அதுதான். இந்த ஆறும் கணக்குகளும் தெரிந்தவர் தானாகவே இடத்தைக் கண்டுபிடிப்பார். தூண்டில் கடையில் கேட்பதானால் ஒரு பை டியூபாவது வாங்கிவிட்டுக் கேளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று நடந்தது. ஒரு நவம்பர் மதியம், தண்ணீர் 46 டிகிரி. பாசிப் பாறையில் கால் வழுக்கி மார்பு வரை நனைந்தேன். கரை இருபதடி தூரம்தான். கார் கால் மைலில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது சாவியைப் பையிலிருந்து எடுக்க விரல்கள் மடங்கவில்லை. பற்களால் பை ஜிப்பைத் திறந்தேன். அன்றிலிருந்து மாற்றுத் துணியும் துண்டும் தண்ணீர் புகாத பையில் தோளிலேயே இருக்கும், காரில் வைப்பதில்லை. நடந்து மீன் பிடித்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுகிறேன். 16 அடிக்குக் குறைவான படகிலோ கயாக், கேனூவிலோ போனால் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். ஹாரிஸ்பர்க்கில் சிட்டி ஐலண்டுக்குக் கீழே இருக்கும் டாக் ஸ்ட்ரீட் தடுப்பணைப் பக்கம் மேலிருந்தும் போகாதீர்கள், கீழிருந்தும் நெருங்காதீர்கள். பார்க்கச் சாதாரண மதகு மாதிரி இருக்கும். விழுந்த தண்ணீர் திரும்பி அணையை நோக்கியே சுழலும், மாட்டினவரை வெளியே விடாது. பல உயிர்கள் போயிருக்கின்றன.

மீனை விடும் முறை: கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் இன்னொரு கை கொடுங்கள். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் நொடியில் கழன்றுவிடும். பதினெட்டு அங்குல மீன் ஒன்று வளர எத்தனையோ வருடம் ஆகிறது. ஓட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்திருங்கள், அதுவாக உதைத்துப் போகும்.

போன வருடம் நவம்பர் நடுவில் அந்த ரயில்வே பெரியவரை மறுபடி துறையில் பார்த்தேன். கைகுலுக்குவதற்கு முன்பே "எவ்வளவு?" என்றார். "நாற்பத்தி நாலு, ஒன்பதடி, இருபது எண்ணினேன், மூன்று" என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு அவர் கணக்கைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.