பனிமனிதனைத் தேடியவர்கள் என்ன கேட்டார்கள்? தேடல் கோட்டைப் படிக்கும் வழி

2019 ஏப்ரல் 29 அன்று இந்திய ராணுவம் தன் ட்விட்டர் பக்கத்தில் சில படங்களை வெளியிட்டது. இமயமலைத் தொடரில் உள்ள மக்காலு மலையின் அடிவார முகாமுக்கு அருகே பனியில் பதிந்த தடங்கள். நீளம் 32 அங்குலம், அகலம் 15 அங்குலம். எட்டி (யெட்டி) எனப்படும் கதைகளின் பனிமனிதனுடைய காலடிகள் என்றது அந்தப் பதிவு. மறுநாள் காலை என் அக்கா மகன் கைபேசியோடு வந்து நின்றான். "சித்தி, எட்டி உண்மையிலேயே இருக்கிறதா?"

அதே கேள்வியை அன்று எத்தனையோ பேர் தேடுபெட்டியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படித் தேடல் கூடும்போதெல்லாம் 'மக்கள் இதையெல்லாம் இன்னும் நம்புகிறார்கள்' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கும். என் அக்கா மகன் நம்பவில்லை, கேட்டான். தேடலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டைப் படிக்க உட்காருகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

ஒரு சொல்லை மக்கள் தேடும் போக்கைக் கோடாக வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். அதில் தெரியும் எண், எத்தனை பேர் தேடினார்கள் என்பதன் கணக்கு அல்ல. நீங்கள் தேர்ந்த காலத்திலும் இடத்திலும் நடந்த மொத்தத் தேடல்களில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கு உச்சத்தில் இருந்த புள்ளிக்கு 100 என்று வைக்கிறார்கள். மற்ற நாள்கள் அதற்கு ஏற்ற விகிதத்தில் அமைகின்றன. ஆகவே 50 என்றால் உச்சத்தில் பாதி என்று மட்டுமே பொருள். கணக்கு மாதிரித் தரவிலிருந்து எடுக்கப்படுவதால், அதே சொல்லை இன்னொரு நாள் போட்டால் எண்கள் சற்று மாறும். நான் எப்போதும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பேன். நிலப்படத்தில் முதலிடத்தில் நிற்கும் பகுதியும் அப்படித்தான்: அங்கே பங்கு அதிகமே தவிர, தேடியவர்களின் எண்ணிக்கை அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, சொல்லைத் தேர்வது. பாதிப் பிழைகள் நடப்பது இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். தமிழில் 'எட்டி' என்று தட்டிப் பாருங்கள். எட்டி மரத்தைத் தேடியவரும், எட்டிக்காயைப் பற்றிப் படிக்க வந்தவரும் அதில் கலந்துவிடுவார்கள். 'பனிமனிதன்' என்றால் குழந்தைகள் பனியை உருட்டிச் செய்யும் பொம்மையும் வந்து சேரும். ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் யெட்டி என்பது குளிர்ப்பெட்டிகளும் குவளைகளும் விற்கும் ஒரு நிறுவனத்தின் பெயர். கிராக்கென் என்பது கடல் பூதத்தின் பெயர் மட்டுமல்ல, ஒரு கிரிப்டோ நாணயச் சந்தையின் பெயர். 2020 ஜூலையில் சியாட்டில் நகரின் ஐஸ் ஹாக்கி அணியும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. இதை அறியாமல் கோட்டைப் பார்ப்பவர், கடல் பூதத்தின் மேல் மக்களுக்குத் திடீர் மோகம் வந்துவிட்டதாக எழுதிவிடுவார்.

வழி இருக்கிறது. சொல்லைத் தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகளில், அந்த உயிரினத்தையே குறிக்கும் 'தலைப்பு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களையும் மொழிகளையும் அது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். தமிழ்ச் சொல்லுக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தால் ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். தேடல் குறைவாக இருந்தாலே அங்கே பூஜ்யம்தான் காட்டும். நம்மில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறோம்.

காலத்தை அகலமாக வைத்துத் தொடங்கி, பிறகு குறுக்குங்கள். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு மாதக் கணக்கும், மூன்று மாதத்துக்கு நாள் கணக்கும் கிடைக்கும். தரவு 2004-இலிருந்துதான் தொடங்குகிறது. 1967-இல் அமெரிக்காவின் பிளஃப் கிரீக்கில், காட்டு மனிதனான பிக்ஃபுட் என்று எடுக்கப்பட்ட படச்சுருளும், 1995-இல் போர்ட்டோ ரிக்கோவில் கிளம்பிய, ஆட்டு ரத்தம் குடிக்கும் சுப்பகாப்ரா என்ற பிராணி பற்றிய பேச்சும் எழுப்பிய பரபரப்பு இந்தக் கோட்டில் இல்லை. ஆகவே 'வரலாறு காணாத ஆர்வம்' என்ற சொற்றொடரைத் தவிர்த்துவிடுங்கள். 2016, 2022 ஜனவரிகளில் தரவு சேகரிப்பு முறை மாறியதாகப் படத்திலேயே குறித்திருப்பார்கள். அந்த இடங்களில் தெரியும் ஏற்ற இறக்கத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இப்போது உச்சிக்கு வாருங்கள். ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் செய்திகளைத் தேடிப் படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, பூத விலங்கு ஒன்று வாழ்வதாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரி. அந்த விலங்கின் நீண்ட கழுத்தைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட புகழ்பெற்ற படம் 1934 ஏப்ரல் 21-இல் வெளிவந்தது. பொம்மை நீர்மூழ்கியில் தலையைப் பொருத்தி எடுத்த படம் அது என்பது 1994-இல் அம்பலமானது. 2015 ஏப்ரல் 21 அன்று அந்தப் படத்தின் நினைவாகக் கூகுளே தன் முகப்பில் டூடுல் என்னும் சிறப்புச் சித்திரம் போட்டது. டூடுலைச் சொடுக்கினாலே ஒரு தேடல் நடந்துவிடும். அன்றைய ஏற்றத்தை மக்கள் தாமாகத் தேடியதாக எப்படி எழுதுவது? அளக்கிற கருவியே ஆர்வத்தையும் தூண்டிவிட்ட நாள் அது.

சில ஏற்றங்கள் அச்சத்தால் வருபவை. 2019 பிப்ரவரி இறுதியில் 'மோமோ' என்ற உருவம் இணையத்தில் குழந்தைகளைத் துன்புறுத்துவதாக வதந்தி பரவியபோது தேடியவர்களில் பதறிப்போன பெற்றோர் இருந்தார்கள். அந்த முகம் 2016-இல் ஜப்பானியக் கலைஞர் ஒருவர் செய்த சிற்பத்தினுடையது. அந்தக் கோட்டையும் கடற்கன்னிக் கோட்டையும் ஒரே பெட்டியில் போட எனக்கு மனம் வருவதில்லை.

கடற்கன்னி என்றதும் 2012 நினைவுக்கு வருகிறது. ஆவணப்படம் போலவே எடுக்கப்பட்ட ஒரு புனைவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பார்த்தவர்கள் அந்நாட்டுக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவிடமே விளக்கம் கேட்டார்கள். நீரில் வாழும் மனித உருவங்களுக்கு இதுவரை எந்தச் சான்றும் கிடைத்ததில்லை என்று நோவா பதில் வெளியிட்டது. ஏமாறத் தயாராக இருப்பவர், தெரிந்தவரிடம் போய்க் கேட்பாரா?

இதைச் சரிபார்க்கத்தான் 'தொடர்புடைய வினவல்கள்' பகுதி. 'உண்மையா', 'படம்', 'எங்கே' போன்ற சொற்கள் எந்த உயிரினத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். சதவீதத்துக்குப் பதிலாகப் 'பிரேக்அவுட்' என்று இருந்தால் 5000 சதவீதத்துக்கு மேல் ஏறியது என்று பொருள். முன்பு ஏறக்குறைய யாருமே தேடாத சொல் என்றால் அந்த ஏற்றத்துக்குச் சிலர் தேடினாலே போதும். உண்மையான எண்ணிக்கை வேண்டுமானால் விக்கிப்பீடியாவின் பக்கப் பார்வைக் கணக்குக்குப் போங்கள். 2015 ஜூலை முதல் நாள்வாரியாக, மொழிவாரியாகக் கிடைக்கிறது. இரண்டிலும் ஒரே நாளில் ஏற்றம் தெரிந்தால் துணிந்து எழுதலாம்.

கடைசியாக, மறுப்பு வந்த நாளையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மெல், லாக் நெஸ் நீரில் விலாங்கு மீனின் டிஎன்ஏ நிறைய இருப்பதாகவும் ஊர்வனவற்றின் டிஎன்ஏ இல்லை என்றும் அறிவித்தார். அந்த மாதத்தைப் பெரிதாக்கி, மக்கள் பதிலையும் தேடி வந்தார்களா என்று நீங்களே பாருங்கள்.

என் அக்கா மகனுக்கு அன்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டினேன். எட்டியினுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, தோல், முடி போன்ற ஒன்பது மாதிரிகளைச் சோதித்ததில் எட்டு கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது. முகம் வாடிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்தக் கரடி?" என்று கேட்டுக்கொண்டே அவன் அடுத்த சொல்லைத் தட்ட ஆரம்பித்திருந்தான்.