இன்காக்களும் தையலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் துணிக்கும் தையல்தான், காயத்துக்கும் தையல்தான். "கையில் நாலு தையல்" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில் பேரரசு நடத்திய இன்காக்களைப் பற்றி எழுதும்போது இந்த ஒரே சொல் நம்மைத் தடுமாற வைக்கிறது. அருமையான துணி செய்தார்கள், மண்டை ஓட்டில் அறுவை செய்தார்கள், ஆகவே தையலில் கெட்டிக்காரர்கள் என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

முதலில் துணி. இன்கா உடையைத் தைத்த உடை என்று எழுதாதீர்கள், அது நெய்த உடை. ஆண்கள் போட்ட 'உன்கு' என்ற கையில்லாத சட்டையைப் பாருங்கள். ஒரே துண்டாகத் தறியில் நெய்வார்கள். தலை நுழைகிற பிளவைக்கூட நெய்யும்போதே விட்டுவிடுவார்கள். நான்கு ஓரமும் கரை கட்டித்தான் துணி தறியிலிருந்து இறங்கும், வெட்டுகிற வேலையே கிடையாது. தோளில் மடித்து, கை நுழைய இடம் விட்டு, இரண்டு பக்கத்தையும் ஊசியால் இணைப்பார்கள். அந்த இணைப்பின் மேல் பல நிற நூல் வேலை, கீழ் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோடு. ஊசியின் பங்கு அவ்வளவுதான். சட்டை முழுக்க நிறைந்த கட்டங்களும் கோலங்களும் நெசவிலேயே வந்தவை. 'கும்பி' எனப்பட்ட இந்த உயர்ரகத் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வித்தியாசமே தெரியாது. அரசுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களும், இதற்கென்றே இருந்த ஆண் நெசவாளர்களும் இதை நெய்தார்கள். துணியைக் கத்தரிக்காமல் ஒரு சட்டையை முழுதாக மனத்தில் கண்டு நெய்வது எவ்வளவு பெரிய விஷயம்! அதைத் தையல் கணக்கில் எழுதினால் அந்தக் கைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், பறக்கும் உருவங்கள் நிறைந்த பூவேலைப் போர்வையின் படத்தைப் போட்டு 'இன்கா' என்று எழுதுவது. அது பெரும்பாலும் பராகாஸ் மக்களுடையது. பெருவின் தென்கடற்கரைப் பாலையில் 1927இல் தொல்லியல் ஆய்வாளர் ஹூலியோ டெல்லோவின் குழு 400க்கும் மேற்பட்ட சடலப் பொதிகளைக் கண்டெடுத்தது. அவற்றைச் சுற்றியிருந்தவை இந்தப் போர்வைகள். ஊசி உண்மையிலேயே கோலோச்சியது அங்கேதான். இன்கா பேரரசு எழுந்தது 15ஆம் நூற்றாண்டில். நடுவே 1,000 ஆண்டுக்கு மேல் இடைவெளி.

சரி, மருத்துவம். இன்காக்களின் தலைநகரான குஸ்கோ வட்டாரத்தில் கிடைத்த 411 பேரின் மண்டை ஓடுகளை ஆராய்ந்தபோது 66இல் அறுவைக்காகத் துளையிட்ட தடம் இருந்தது. அந்த 66 பேரில் 83 சதவீதம் பேர் பிழைத்து நெடுநாள் வாழ்ந்திருக்கிறார்கள். 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே மாதிரி அறுவைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். பிழைத்தது எப்படித் தெரியும்? துளையின் விளிம்பைப் பார்த்து. உடனே இறந்தவருக்கு அது கூராகவே நிற்கும். பிழைத்தவருக்குப் புது எலும்பு வளர்ந்து மழுங்கியிருக்கும். ஆக, சான்று எலும்பில் இருக்கிறது, தோலில் இல்லை. "நன்றாகத் தைத்ததால் பிழைத்தார்கள்" என்று அதிலிருந்து சொல்ல முடியாது. எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியெடுத்து, மூளையுறை கிழியாமல் நிறுத்திய கைப்பக்குவத்தைப் பற்றி எழுதுங்கள்.

காயத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து எறும்பைக் கடிக்கவிட்டு மூடியதையும் இன்காக்கள் பெயரில் எழுதுகிறார்கள். கிழிந்த குடலைக் கரிய எறும்புகளால் மூடும் முறை எழுத்தாகவே இருப்பது சுஸ்ருத சம்ஹிதை என்ற நம் பழைய மருத்துவ நூலில். இன்காக்களிடம் எழுத்துக்குப் பதில் இருந்தது கிப்பு என்ற முடிச்சுக் கயிறு; மருத்துவ நூல் எதையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை.

துணிக்கும் தோலுக்கும் ஒரே கணக்குப் போடுவது இன்னொரு தவறு. எனக்கு முகவாயில் மூன்று தையல் போட்டபோது கண்ணாடியில் பார்த்தேன்: மூன்று தனித்தனி முடிச்சுகள். துணியின் ஓட்டத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே விட்டுப்போகும். தோலில் தனித்தனியாகப் போட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். சீழ் வைத்தால் அந்த ஒன்றை மட்டும் பிரிக்கலாம். பொத்தான் தைக்கும்போது நூலை இறுக்கி இழுப்போம். தோலை அப்படி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விளிம்பு செத்துப்போகும், இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டாலே போதும். சட்டையில் நூல் கடைசிவரை இருக்க வேண்டும். முகத்தில் போட்டதை ஐந்தாறு நாளில் மருத்துவர் எடுத்துவிடுவார். நாள் தள்ளிப்போனால் தழும்பு ஏணிப்படி மாதிரி நின்றுவிடும்.