கிழங்கு தூங்கும்போது எழுப்பாதீர்கள்: தொட்டிப் பூக்களில் நாம் செய்யும் தப்புகள்

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சாம்பாருக்கு உரிக்க உட்கார்ந்த எங்கள் அத்தை, "ஏளா, இதென்ன வெங்காயம், உரிக்க உரிக்கக் கண்ணே எரியல, வாசமும் இல்ல, கையெல்லாம் வழவழங்குது" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது குட்டி டாஃபடில் என்ற மஞ்சள் பூச்செடியின் கிழங்கு. குளிர் காட்டுவதற்காக ஒரு காகிதக் கவரில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் நான்தான் வைத்திருந்தேன். கவர் மேல் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. டாஃபடில் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, தின்றால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். சமைத்தால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. எனவே முதல் தப்பு இதுதான்: பேர் எழுதாமல் சமையலறைக்குள் பூக்கிழங்கைக் கொண்டு வைப்பது. மழை லில்லி, அமரில்லிஸ் கிழங்குகளுக்கும் இதே கதைதான். செங்காந்தள் கிழங்கு இவற்றையெல்லாம்விடப் பல மடங்கு ஆபத்து. அதைக் குழந்தைகள் கைபடும் இடத்திலேயே வைக்கக்கூடாது.

அத்தைக்குத் தப்பிய மிச்சக் கிழங்குகளை நட்டேன். இலை நன்றாக வந்தது, பூ வரவே இல்லை. ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் எரிந்து அணைந்த தீக்குச்சி மாதிரி பழுப்பாக ஒன்று. அதே ஃபிரிட்ஜில் மேல்தட்டில் மாம்பழம் இருந்தது, ஆப்பிளும் இருந்தது. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். டாஃபடில் கிழங்கு நம் கைக்கு வரும்போதே அடுத்த பூ அதற்குள் உருவாகி இருக்கும், அதைக் காப்பாற்றுவது மட்டும்தான் நம் வேலை. நான் அதைத்தான் செய்யவில்லை.

சரி, டாஃபடிலுக்கு ஏன் குளிர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதன் பூர்வீகம் பெரும்பாலும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அங்கே இலையுதிர்கால மழையில் வேர் விட்டு, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் இருந்து, வசந்தத்தில் பூத்து, காய்ந்த கோடையில் தூங்கிவிடும். நம் கடைகளில் குட்டி டாஃபடில் என்று கிடைப்பது பெரும்பாலும் 'டெட்-அ-டெட்' ரகம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் 1940களில் உருவாக்கியது, 15 முதல் 20 சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு தண்டில் இரண்டு மூன்று பூக்கூட வரும். இதற்கு 12 முதல் 16 வாரம் 4 முதல் 9 டிகிரி குளிர் வேண்டும். தென்காசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் செங்கோட்டையில் அது கிடைக்குமா? மார்கழி விடியலில்கூடப் போர்வைக்குத்தான் வேலை இருக்குமே தவிர, இந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது.

அதனால் ஃபிரிட்ஜ்தான் நமக்குப் பனிக்காலம். இதிலும் ஆளாளுக்கு ஒரு தப்பு. சீக்கிரம் ஆகட்டும் என்று ஃப்ரீசரில் வைக்கிறவர்கள் உண்டு, கிழங்கு கல்லாகிப் பிறகு கூழாகிவிடும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நான் இப்போது செய்வது வேறு. வெறும் கிழங்காக வைக்காமல், ஆறு அங்குலத் தொட்டியில் ஐந்து ஆறு கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கமாக நட்டு, மண்ணை லேசாக ஈரப்படுத்தி, தொட்டியோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன். டாஃபடிலுக்குக் குளிரில் வேரும் பிடிக்க வேண்டும், காற்றில் காய்ந்து கிடந்தால் வேர் எங்கே பிடிக்கும்? மூன்று மாதம் தோசைமாவுக்கு இடமில்லை என்று வீட்டில் சண்டை வரும், அது உங்கள் பாடு. புரட்டாசியில் உள்ளே போனால் மார்கழிக் கடைசியில் வெளியே வரலாம், நம் ஊரில் இரவு கொஞ்சமாவது குளிரும் நாட்கள் அவைதான். வெளியே எடுத்ததும் நேரே மொட்டைமாடி வெயிலில் வைப்பது அடுத்த தப்பு. காலை வெயில் மட்டும் படும் நிழலான இடம் போதும். இல்லாவிட்டால் மொட்டு வெளியே வந்த பிறகும் காகிதம் மாதிரி காய்ந்து நிற்கும்.

இவ்வளவு செய்து பூத்தாலும் அடுத்த வருடம் அதே கிழங்கு பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சமவெளியில் அது ஒருமுறை ஆசை, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் வேலையே வேண்டாம் என்றால் 'பேப்பர்வைட்' என்ற வெள்ளை ரகத்தைத் தேடுங்கள், அதற்குக் குளிர் காட்ட வேண்டியதில்லை. தண்டு நீண்டு சாயும், ஒரு குச்சி கட்டிக்கொள்ளுங்கள்.

தேவிகுளத்தில் இருக்கும் என் மதினிக்கு இந்தக் கவலை குறைவு. மூணாறு வட்டாரம் சுமார் 1500 மீட்டருக்கு மேல், தை மாத இரவில் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு வருடம் அவருக்குக் கிழங்கு அழுகியே போனது. குளிரைச் சரியாகப் பிடித்தவர் தூக்கத்தை விட்டுவிட்டார். டாஃபடில் தூங்கும் மாதங்கள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதன் சொந்த ஊரில் அது வறண்ட காலம். இங்கே அதுதான் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக் காலம். இலை மஞ்சளாகிக் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான பரணில் தொங்கவிடச் சொன்னேன். பேர் எழுதித்தான்!

எங்கள் ஊருக்கும் இதே மழைதான் பாதி எதிரி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, எல்லைக்கோடு மாறிவிட்டது, ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் இன்னும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். சாரல் பார்க்க மழையாகவே தெரியாது, தொட்டி மட்டும் வாரக்கணக்கில் காயாது. இந்த ஊரில் இருந்துகொண்டு, முழுக்கத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டியில் கிழங்கு நடுவதைப் போல ஒரு தப்பு கிடையாது. செம்மண் இரண்டு பங்கு, தூசி போகக் கழுவிய கொரமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, இது எனக்குக் கைகொடுக்கிறது. பச்சைச் சாணி பக்கமே போகாதீர்கள். அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று நம்புகிறவர்கள் அநேகம் பேர். உண்மையில் தண்ணீர் ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே தேங்கி நிற்கும், கிழங்கு உட்கார்ந்திருப்பதும் அதே இடம்தான். ஓட்டைமேல் ஒரு ஓட்டாஞ்சில்லு கவிழ்த்தால் போதும். அடியில் வைக்கும் தட்டை ஆனியிலேயே எடுத்துவிடுங்கள்.

மழை லில்லி விஷயத்தில் தப்பு நேர்மாறாக நடக்கும். "தினமும் தண்ணி ஊத்துறேன், புல்லு மாதிரி இலைதான் வருது" என்று பக்கத்து வீட்டு அக்கா புலம்பினார்கள். தினமும் ஊற்றுவதுதான் காரணம். இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, அப்புறம் ஒரே நாளில் தொட்டி நிரம்ப ஊற்றிப் பாருங்கள், இல்லை, கோடைமழைக்கே விட்டுவிடுங்கள். சில நாளில் மொட்டு குத்திக்கொண்டு வரும். இன்னொன்று, இதைப் பெரிய தொட்டியில் தனித்தனியாக நட்டுக் காத்திருக்காதீர்கள், நெருக்கியடித்துக் கிடந்தால்தான் திரளாகப் பூக்கும்.

நடும் ஆழத்திலும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துகிறோம். டாஃபடிலுக்குக் கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது நிலத்துக் கணக்கு, சின்னத் தொட்டியில் நுனி மூடினால் சரி. மழை லில்லிக்குக் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். அமரில்லிஸுக்கு மேல் பாதி வெளியே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் சாரல் தண்ணீர் கழுத்தில் இறங்கி, தொட்டால் விரல் உள்ளே போகும் அளவுக்கு நொளநொளத்து, ஒரு நாற்றம் வரும் பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள்.

பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறது என்று பச்சை இலையை அறுப்பதும், அதைப் பின்னி முடிச்சுப் போடுவதும் வேண்டாம். அடுத்த பூவுக்கான சாப்பாட்டை இலைதான் சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. பூக்காம்பை மட்டும் வெட்டுங்கள், இலை தானாகப் பழுக்க ஆறு வாரமாவது ஆகும். அந்த இலையைக் கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்கள் ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கும். மருந்தெல்லாம் தேடாமல், காலையில் ஒரு குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

வாங்கும்போது ஏமாறுவது தனிக்கதை. நீல டாஃபடில் விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். நீல டாஃபடிலே கிடையாது, நிஜ டாஃபடில் விதை போட்டாலும் பூப்பதற்கு நாலைந்து வருடம் ஆகும். நானும் ஒருமுறை பணம் கட்டி, முளைத்ததைக் கடைசியில் கீரையாகப் பிடுங்கினேன். கிழங்காக வாங்குங்கள், வந்ததும் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, செத்துப்போச்சு என்று தொட்டியைக் கவிழ்ப்பது. சிவப்புப் பந்து மாதிரி பூக்கும் ஃபுட்பால் லில்லி, மே மாத வாக்கில் பூத்து, இலை விட்டு, பனிக்காலத்தில் சுத்தமாக மறைந்துவிடும், மண் மட்டும்தான் தெரியும். போன வருடம் அப்படி ஒரு தொட்டியை அத்தை வெறும் மண் என்று நினைத்துக் கறிவேப்பிலைத் தூரில் கொட்டிவிட்டார்கள். கோடைமழை பெய்த பிறகு கறிவேப்பிலைக்கு அடியில் பந்து பந்தாக மூன்று பூ. இப்போது அதைத் தோண்டித் திரும்பத் தொட்டிக்கு மாற்ற அத்தை விடமாட்டேன் என்கிறார்கள்.