ஊட்டி மழைக்காலத்துல ஸ்லைடுக்கு பெக் கோட்டிங் போடுறது எப்படி

ஒத்தை ப்ரோட்டீன மைக்ராஸ்கோப்ல பாக்கணும்னா மொதல்ல கண்ணாடிய சரி பண்ணணும். வெறும் கண்ணாடியில ப்ரோட்டீன் அப்பிக்கும், அப்பினா வடிவம் கெட்டுடும், நாம விடுறது பைக்கோமோலார் அளவு, அதாவது ரொம்ப ரொம்ப நீர்த்தது, அதுல வீணா ஒட்டி ஒளிப்பொட்டா தெரியுறது கொஞ்சம் இருந்தாலே கணக்கு தப்பாயிடும். அதுக்குதான் பெக், அதாவது பாலிஎதிலீன் கிளைக்கால், ப்ரோட்டீன ஒட்ட விடாத நீளமான இழை. கோத்தகிரி பக்கம் தேயிலைச் செடி இடுக்கில்லாம நெருக்கமா நிக்கும்ல, நடுநடுவுல சில்வர் ஓக், அதே மாதிரிதான், செடி சாதா பெக், மரம் பயோட்டின்ங்கிற சின்ன மூலக்கூற கொக்கி மாதிரி வச்ச பெக், குருவி நம்ம ப்ரோட்டீன், அது மரத்துல மட்டும்தான் உக்காரணும்.

ஸ்லைடு, கவர்ஸ்லிப் ரெண்டையும் அசிட்டோன்ல 20 நிமிஷம் சோனிகேட் பண்ணி (அல்ட்ராசவுண்ட் அதிர்வுல கழுவி), அலசி, 1 மோலார் கேஓஹெச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) இன்னொரு 20 நிமிஷம். தோலை அரிச்சிடும், கிளவுஸ், காகிள்ஸ் கட்டாயம். நல்லா அலசின கண்ணாடியில தண்ணி முத்து முத்தா நிக்காது, பரவும்.

மெத்தனால்ல முக்கி தண்ணிய ஓட்டிட்டு, ஃப்யூம் ஹூட்ல 100 மில்லி மெத்தனால், 5 மில்லி அசிட்டிக் ஆசிட், கடைசியா 3 மில்லி ஏப்டெஸ்ங்கிற அமினோசைலேன் (பெக் பிடிச்சுக்க கண்ணாடியில அமினோ குரூப் வைக்கிற ரசாயனம்), 20 நிமிஷம். அலசி நைட்ரஜன்ல காய வைங்க. இந்த சைலேனுக்கு ஈரம் ஆகவே ஆகாது, நம்ம ஊர்ல ஆகஸ்ட்ல ஜன்னல் வழியா மேகமே உள்ள வரும், பாட்டில திறக்கத் திறக்க ஈரம் ஏறி தனக்குள்ளயே கோத்துக்கிட்டு கண்ணாடியில திட்டுத்திட்டா படியும். எனக்கு ஒரு வாரம் முழுக்க ஸ்லைடு வீணாச்சு, புது பாட்டில சின்னச் சின்ன வயல்ல பிரிச்சு ஆர்கான் ஊதி மூடி வச்சப்புறம்தான் சரியாச்சு.

பெக் பொடியும் அப்படித்தான். மைனஸ் 20 ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும், இல்லன்னா உள்ள வேர்த்து கெட்டுடும். 80 மில்லிகிராம் எம்பெக் எஸ்விஏ (அமினோவோட ஒட்டுற சாதா பெக்), 2 மில்லிகிராம் பயோட்டின் பெக், 320 மைக்ரோலிட்டர் 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட், பிஹெச் 8.5. கரைச்ச நிமிஷத்துலேர்ந்தே அதோட வீரியம் குறைய ஆரம்பிச்சுடும், அதனால எல்லாத்தையும் ரெடியா வச்சுக்கிட்டு கரைங்க. ஸ்லைடுக்கு 70 மைக்ரோலிட்டர், மேல கவர்ஸ்லிப், குமிழி வேண்டாம். இந்த ஒரு எடத்துல மட்டும் ஈரம் வேணும், பெக் காயக் கூடாது, அடியில தண்ணி விட்ட டிப் பாக்ஸ்ல (பிப்பெட் முனை வர்ற டப்பா) ராத்திரி முழுக்க இருட்டுல வைங்க.

காலையில பிரிச்சு, பெக் பட்ட பக்கத்த அடையாளம் வச்சு, அலசிக் காய வைங்க. மொதல்ல நியூட்ராவிடின் (பயோட்டின கெட்டியா பிடிச்சுக்கிட்டு பெக்குக்கும் நம்ம ப்ரோட்டீனுக்கும் நடுவுல பாலமா நிக்கிற ப்ரோட்டீன்) இல்லாம சாயம் ஏத்தின ப்ரோட்டீன விடுங்க, பொட்டு விரல் விட்டு எண்ணுற அளவுதான் தெரியணும், அதுக்கு மேல இருந்தா அந்த ஸ்லைட நம்பாதீங்க. சரியா இருந்தா மில்லிக்கு 0.2 மில்லிகிராம் நியூட்ராவிடின் 5 நிமிஷம், கழுவிட்டு பயோட்டின் வச்ச ப்ரோட்டீன் 50 பைக்கோமோலார். இப்ப வர்ற பொட்டுதான் உங்க ப்ரோட்டீன்.